கனிமடல் சிறப்பிதழ்

அந்த டேபிள் வேண்டாம் சார், இங்கிட்டு வாங்க. அது ஃபேனுக்கு நேர் கீழ இருக்கு, காத்து நல்லா வரும், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா சனிக்கிழமை மத்தியானம் அதுக்கு ஆள் இருக்கு. இன்னும் வரல, வந்துருவாங்க. நீங்க இந்த மூலையில உக்காருங்க. இங்கயும் காத்து வரும், கொஞ்சம் லேட்டா வரும், அம்புட்டுத்தான்.

ஊருக்குப் புதுசா? காலண்டர் ஆர்டர் குடுக்க வந்திருப்பீங்க. பட்டாசு வாங்குறதுன்னா ரெண்டு மாசம் முந்தியே வந்திருப்பீங்களே. செல்லக்கனி, ஒரு சாப்பாடு. அவ எம் பொண்டாட்டி சார், சமையல் அவதான். போர்டுல கனி மெஸ்னு இருக்குல்ல, அவ பேரை வச்சிருக்கேன்னு ஊரே நெனைக்குது. அப்படியெல்லாம் இல்ல. கனியிற மாதிரி ஒரு பேரு வைங்கன்னு ஜோசியர் சொன்னாரு, அதான் வச்சேன். என் பேரு அருஞ்சுனை.

இலை பக்கத்துல ரெண்டு தாள் கெடக்கு பாருங்க. மஞ்சத் தாள் கனிமடல், நம்ம மெஸ்ஸோட செய்தி மடல். ஆசிரியர் நான்தான். மேல போட்டோவுல இருக்கிறதும் நான்தான், சட்டை வேற. அந்த வெள்ளைத் தாளைப் பத்தி அப்புறம் சொல்றேன். நீங்க முதல்ல சோத்துல கை வைங்க.

இந்த யோசனை எங்க அக்கா மகன் ஜெயசீலன் குடுத்தது. மெட்ராஸ்ல விளம்பரக் கம்பெனியில இருக்கான். அந்தச் சமயம் எதுத்தாப்புல ஏ.சி. போட்டு ஒரு ஹோட்டல் வந்துச்சு. நம்ம ஆளுக ஒண்ணு ரெண்டு அங்கிட்டு எட்டிப் பாக்க ஆரம்பிச்சாங்க. இந்த மெஸ்ஸை விட்டா எங்களுக்கு வேற பொழப்பு கெடையாது சார், நிலமா புலமா. ஜெயசீலன்கிட்ட போன்ல பொலம்பினேன். அவன் சொன்னான், புது ஆளைப் பிடிக்கிறது பெரிசில்ல மாமா, வந்த ஆளை விடக் கூடாது, அதுக்கு மாசா மாசம் அவங்க கைக்கு ஒரு மடல் போகணும், சாப்பிடாத நேரத்துலயும் உங்க நெனைப்பு அவங்களுக்கு வரணும்னான். சாப்பிடாத நேரத்துலயும் என் நெனைப்பு. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

இந்த ஊர்ல அச்சடிக்கிறதுக்கா பஞ்சம்? ரெண்டு வீட்டுக்கு ஒரு பிரஸ். பக்கத்துச் சந்துல நம்ம கதிரேசன் பிரஸ் வச்சிருக்கான். வெட்டி மிஞ்சுன தாள்ல போட்டுக் குடுத்தான். முதல் இதழ்ல தலையங்கம் எழுதினேன். நான் எப்படி ஒண்ணுமில்லாம இந்த ஊருக்கு வந்தேன், எப்படி முன்னுக்கு வந்தேன்னு. செல்லக்கனி எட்டிப் பாத்துட்டு, வெள்ளிக்கிழமை வாழைப்பூ வடை உண்டுன்னு ஒரு வரி போடுங்கன்னா. அது செய்தியா சார்? வடை சட்டியில இருக்கு, வந்து பாத்தாத் தெரியப் போகுது. எனக்கு எடம் பத்தல, போடல.

இலை பக்கத்துல வச்சுக் குடுத்தோம். பாதிப் பேரு படிச்சான், பாதிப் பேரு கை துடைச்சான். எனக்கு வருத்தமில்ல. தொட்டானா இல்லையா.

வாடிக்கையாளர் பத்தி எழுதுங்க மாமா, அவங்க பேரு வந்தாத்தான் அவங்களுக்கு ஒரு ஒட்டுதல் வரும்னு ஜெயசீலன் சொன்னான். அதுவும் செஞ்சேன். ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருத்தர் வருவாரு. உடம்புல சர்க்கரை இருந்தும் நம்ம பாயசத்தை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடிக்கிறாரு, அம்புட்டு ருசின்னு எழுதினேன். பாயசத்துக்கு இதைவிட என்ன சர்ட்டிபிகேட் வேணும்? அடுத்த நாள் அவரு மகன் வந்து என் முகத்தையே கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போனாரு. அப்புறம் வாத்தியார் வரல. படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு ரசிக்கத் தெரியல சார், என்னத்தச் சொல்ல.

சாம்பார் போதுமா? ரசத்துக்கு எடம் வைங்க. கதையே ரசத்துலதான் இருக்கு.

அந்த டேபிள்ள உக்காருறவரு தனுஷ்கோடி அண்ணாச்சி. காலண்டர் ஏஜெண்டு. வீடு திருத்தங்கல்ல, ஆபீசு இந்தத் தெருக் கடைசியில. இருபது வருஷமா மத்தியானச் சாப்பாடு நம்மகிட்டதான். அவரு தனியா வர மாட்டாரு சார். அவரு வந்தா அவரு ஆபீசு ஆளுக, வெளியூர்லேருந்து வர்ற வியாபாரிக, எல்லாரும் பின்னாலயே வருவாங்க. பாதி மெஸ் அவரு முதுகுக்குப் பின்னாலதான் இருந்துச்சு. எனக்குக் கூடப் பொறந்த அண்ணன் கெடையாது. என் கல்யாணத்துல முன்னால நின்னு காசியாத்திரைக்குக் குடை பிடிச்சதுலேருந்து எல்லாம் அவருதான்.

அவரு ரசத்தைக் கையில வாங்கிக் குடிச்சுட்டு ஒவ்வொரு நாளும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாரு. "வீட்டு ரசம் மாதிரியே இருக்குடா." வேற வார்த்தை தெரியாது. இதை மடல்ல போடலாம்னு எடுத்தேன். எடுத்துப் பாத்தா சப்புன்னு இருக்கு. வீடு மாதிரியே இருக்குன்னா வீட்டுலயே குடிச்சுட்டுப் போயிரலாமே, மெஸ்ஸுக்கு எதுக்கு வரணும்? படிக்கிறவன் அப்படித்தான கேப்பான்? அதனால கொஞ்சூண்டு திருத்தினேன். 'இருபது ஆண்டுகளாக என் வீட்டில்கூட இப்படியொரு ரசத்தைக் கண்டதில்லை' அப்படின்னு. கீழ தனுஷ்கோடி, திருத்தங்கல்னு போட்டு, கொட்டை எழுத்துல அடிச்சேன். கதிரேசனே படிச்சுட்டு, நல்லா வந்திருக்கு அண்ணேன்னான்.

அண்ணாச்சியும் ரெண்டு தாளை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. வீட்டுல காட்டுறேன்னாரு. பேரு அச்சுல வந்த சந்தோசம், வரியைச் சரியாப் படிக்கல போல. அதுதான் சார் அவரு கடைசியா வந்த நாள்.

மறுநாள் இல்ல. அதுக்கு மறுநாளும் இல்ல. போன் அடிச்சா எடுக்கல. ஆபீசு வழியாப் போனேன், உள்ள டிபன் கேரியர் தெரியுது. ஆளு குனிஞ்சுக்கிட்டு சாப்பிடுறாரு, என்னைப் பாக்கல. இல்ல, பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருந்தாரு. எனக்கு மனசு விட்டுப்போச்சு. என்ன குத்தம் செஞ்சோம்? அவரைப் பத்திப் பெருமையாத்தான எழுதினோம்?

அதே சமயம் மெஸ்லயும் ஏதோ ஆயிருச்சு. ரசத்தை யாரும் கேட்டு வாங்கல. இலையில அப்படியே தேங்கி நிக்கும். செல்லக்கனிகிட்ட கேட்டேன். பொடி தீந்துபோச்சு, இனிமே வராதுன்னா. அது எங்கேருந்து வந்துச்சு, ஏன் வராதுன்னு நான் கேக்கல சார், அது அடுப்படி விஷயம். கடையில பாக்கெட்டுப் பொடி வாங்கிப் போடுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வெயில் கொளுத்துது, சூடா ரசம் எவன் குடிப்பான்னு நானும் நெனைச்சுக்கிட்டேன். கூட்டம் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஒரு நாள் மிஞ்சுன சோத்தை செல்லக்கனி தண்ணி ஊத்தி வைக்கிறா, அவ கண்ணும் தண்ணியா இருக்கு. இருபது வருஷத்துல நான் அதைப் பாத்ததில்ல. மடல் இன்னும் கொஞ்சம் காரமா இருக்கணும்னு அப்பத்தான் எனக்குத் தோணுச்சு.

ஜெயசீலனைக் கூப்பிட்டேன். அவன் சொன்னான், வராமப் போன வாடிக்கையாளருக்குன்னு தனியா ஒரு மடல் போடுவாங்க மாமா, நீங்க இல்லாம எங்களுக்கு வெறிச்சோடிக் கெடக்குன்னு உருக்கமா எழுதணும், கல்லும் கரைஞ்சு வந்துரும்னான். அது சரி. ஆனா எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. மடலை நம்ம எங்க குடுக்கிறோம்? சாப்பிட வர்றவன் இலைப் பக்கத்துல. வராத ஆளுக்கு அது எப்படிப் போகும்? இதை மெட்ராஸ்காரன் யோசிக்கல பாத்தீங்களா, நான் யோசிச்சேன். சிறப்பிதழை மட்டும் பெருசா அடிச்சு, திருத்தங்கல்ல அண்ணாச்சி வீட்டுத் தெருவுலயே ஒட்டிரணும்.

ராத்திரி பூரா உக்காந்து எழுதினேன். இன்னும் மனப்பாடமா இருக்கு. 'இருபது ஆண்டுகள் எங்களோடு உண்டு மகிழ்ந்த அண்ணாச்சி அவர்களே, உங்கள் இருக்கை காலியாக இருக்கிறது. உங்கள் இலை காத்துக் கிடக்கிறது. உங்கள் குரல் கேட்காமல் எங்கள் அடுப்பும் அழுகிறது. உங்கள் பிரிவால் வாடும் கனி மெஸ் குடும்பத்தினர்.' எழுதினதை நானே ரெண்டு தடவை சத்தமா வாசிச்சுப் பாத்தேன். போட்டோவுக்கு, அவரு பேத்தி காதுகுத்துல எடுத்த படத்துலேருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்தோம்.

கதிரேசனுக்கு காலண்டர் சீசன், தலைக்கு மேல வேலை. கம்ப்யூட்டர்ல ரெடியா இருந்த ஒரு டிசைன்ல போட்டுட்டான். சுத்தி கறுப்புக் கட்டம், ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. எனக்கு விளக்கு பிடிச்சிருந்துச்சு, மங்களகரமா இருக்குன்னு நெனைச்சேன். செல்லக்கனிகிட்ட காட்டல. அவளுக்கு இதெல்லாம் புரியாது. ஒட்டுற ஆளு சாயங்காலமே பசைவாளியோட கிளம்பிட்டான். எழுத்துல ஒரு நியாயம் இருந்தா அது வேலை செய்யும் சார், பாருங்க.

காலையில மார்க்கெட்டுக்குப் போறேன். டீக்கடையில ஒருத்தர் சொல்றாரு, திருத்தங்கல் தனுஷ்கோடி அண்ணாச்சி தவறிட்டாராமே, போஸ்டர் பாத்தேன்னு.

கையில இருந்த பையைக் கீழ போட்டுட்டு அந்த பெஞ்சுலயே உக்காந்துட்டேன். நம்பவே முடியல. நம்ம மடலை ஒட்டினது நேத்துச் சாயங்காலந்தான. ஒரு நாள் முந்தி ஒட்டியிருந்தா பாத்திருப்பாரே, மனசு ஆறி ஒரு வாய் சாப்பிட வந்திருப்பாரேன்னு அழுதேன். பொய் சொல்லல சார், எங்கப்பா செத்தப்பக்கூட நான் அப்படி அழுததில்ல.

வீட்டுக்கு ஓடி செல்லக்கனிகிட்ட சொன்னேன். அவ அப்படியே செவுத்துல சாஞ்சுட்டா. ஐயோ அக்கா எப்படித் தாங்குவாங்கன்னு ஒரே சொல்லுத்தான் சொன்னா. துக்க வீட்டுல அடுப்பு பத்தவைக்க மாட்டாங்கன்னு பெரிய தூக்குல காப்பி போட்டு எடுத்துக்கிட்டா. நான் சம்பங்கியும் ரோசாப்பூவும் வச்சு பெரிய மாலை ஒண்ணு வாங்கினேன். ரெண்டு பேரும் ஆட்டோவுல போனோம்.

தெருமுனையிலயே கூட்டம். பந்தக்கால் நடுறான் ஒருத்தன். காலண்டர் வியாபாரிக எல்லாம் ஷட்டரை இறக்கிட்டு வந்து நிக்கிறாங்க. நான் மாலையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, அண்ணாச்சீன்னு கத்திக்கிட்டே கூட்டத்தை விலக்கி உள்ள போறேன். நடுவுல ஒரு சேர். அதுல பனியனோட தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு தனுஷ்கோடி அண்ணாச்சி உக்காந்திருக்காரு. பக்கத்து பெஞ்சுல ஏழெட்டு மாலை. வழக்கு வந்து அவரோட பேச்சை நிறுத்தியிருந்த அவரு தம்பி, சாத்தூர்ல இருக்கிறவரு, அவரு முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு அழுகுறாரா சிரிக்கிறாரான்னு தெரியாம இருக்காரு. அண்ணாச்சி மடியில நம்ம சிறப்பிதழ்.

எல்லாரும் என்னையே பாக்குறாங்க. எனக்கு உயிர் வந்த சந்தோசம் ஒரு பக்கம், மாலையை என்ன செய்யன்னு ஒரு பக்கம். வாங்கிட்டு வந்ததைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதும்பாங்க. நல்ல மாலை வேற. அதனால அண்ணாச்சி கழுத்துலயே போட்டுட்டேன்.

அப்பத்தான் முத்துப்பேச்சி மதினி உள்ளேருந்து வந்தாங்க. அண்ணாச்சி சம்சாரம். சத்தம் போடுவாங்கன்னு நெனைச்சேன். போடல. அந்த மாலையைக் கழட்டி பெஞ்சுல வச்சாங்க. அப்புறம் என்னைப் பாத்து மெதுவாத்தான் சொன்னாங்க.

"என் கையால இடிச்ச பொடியிலதான் இருபது வருசமா உன் கடையில ரசம் கொதிக்குது. அவரு வீட்டுல அப்படி ரசமே இல்லைன்னு எழுதின. பொறுத்துக்கிட்டேன். இப்ப என் தாலிக்கும் சேத்து எழுதிட்ட."

நான் செல்லக்கனியைப் பாத்தேன். அவ தூக்குவாளியைக் கீழ வச்சுட்டு மதினி காலைப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு பேருக்கும் பொறந்த ஊரு அடுத்தடுத்த ஊராம் சார். மாசத்துக்கு ஒரு நாள் சேந்து உக்காந்து மல்லியும் மிளகும் வறுத்து இடிச்சுப் பங்கு போட்டுக்கிடுவாங்களாம். அதை என்கிட்ட சொன்னதே இல்ல. நான் கேட்டதில்லைங்கறா. கேட்டாத்தான் சொல்லணுமா?

அண்ணாச்சி பாவம், பெருந்தன்மையான மனுசன். செத்துட்டதா செய்தி வந்தா ஆயுசு கெட்டிம்பாங்கடா, விடுன்னாரு. தம்பியும் பேச ஆரம்பிச்சுட்டானேன்னு அவருக்கு உள்ளுக்குள்ள ஒரு திருப்தி. வந்த கூட்டம் பூரா செல்லக்கனி கொண்டுபோன காப்பியைத்தான் குடிச்சாங்க. நல்ல காப்பின்னு ரெண்டு மூணு பேரு சொன்னாங்க. குறிச்சுக்கிட்டேன். ஆனா மதினி முகம் மாறல. பொடியும் வரல.

வீட்டுக்கு வந்ததும் செல்லக்கனி சோறு மட்டும் போட்டா. மூணாம் நாள் வாயைத் தொறந்தா. "வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டது நீங்க. அதை நாந்தான் எடுத்து வெளிய போடணும்போல இருக்கு." அதுக்கு முன்னாலயே நான் ஒரு மறுப்புச் செய்தி எழுதி வச்சிருந்தேன் சார். 'தனுஷ்கோடி அண்ணாச்சி இன்னும் சாகவில்லை, பொதுமக்கள் நம்ப வேண்டாம்' அப்படின்னு. நல்லாத்தான் இருந்துச்சு. அவ அதை வாங்கி நாலாக் கிழிச்சு அடுப்புல போட்டா.

அப்புறம் அவளே ஒரு தாளை எடுத்து எழுதினா. கதிரேசன் பிரஸ்ஸுக்கு அவளே நடந்து போனா. வெள்ளைத் தாள்ல அடிக்கச் சொல்லி, எந்தக் கட்டமும் வேண்டாம்னு பக்கத்துலயே நின்னிருக்கா. அந்தத் தாள்தான் இது. வாசிக்கிறேன் கேளுங்க. 'கனி மெஸ்ஸில் வைக்கும் ரசம் முத்துப்பேச்சி அக்கா இடிக்கும் பொடியில் வைப்பது. தனுஷ்கோடி அண்ணன் வீட்டில் குடித்ததும் இங்கே குடித்ததும் ஒரே ரசம்தான். அவர் எப்போதும் அப்படித்தான் சொன்னார். மாற்றி எழுதியது எங்கள் தவறு. வெள்ளிக்கிழமை வாழைப்பூ வடை உண்டு. சமையல்: செல்லக்கனி.'

அம்புட்டுத்தான் சார். தலைப்பு இல்ல, தலையங்கம் இல்ல, ஒரு படம் கெடையாது. எங்கள் தவறுன்னு எதுக்குப் போடணும்? தவறுன்னா பிரஸ்காரன் தவறு. ஆனா பொம்பளை ஆசைப்படுறா, போகட்டும்னு விட்டுட்டேன். அவளே கொண்டுபோய் மதினி கையில ஒரு தாள் குடுத்தா. மத்ததை இலைப் பக்கத்துல வச்சா.

அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் நான் கல்லாவுல இருக்கேன். வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தம். அண்ணாச்சி. பின்னால மதினி. இருபது வருசத்துல அந்தம்மா நம்ம மெஸ்ஸுக்குள்ள கால் வச்சதில்ல. ரெண்டு பேரும் அந்த ஃபேன் டேபிள்ள உக்காந்தாங்க. மதினி ஒரு மஞ்சப்பையை மேசையில வச்சாங்க. வாசம் இங்க வரைக்கும் வருது. செல்லக்கனி பையைத் தூக்கிக்கிட்டு உள்ள போனா, ரசம் கொதிச்சுது. மதினி கையில ஊத்திக் குடிச்சுட்டு, ஒரு கல்லு உப்பு கம்மின்னாங்க. செல்லக்கனி உள்ள சிரிச்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அண்ணாச்சி மட்டும் எதுவும் சொல்லல. வாயைத் தொறந்தாரு, மதினியைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, மூடிக்கிட்டாரு. ரெண்டாவது தடவை வாங்கிக் குடிச்சாரு.

அதுலேருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ரெண்டு பேரும் வருவாங்க. அதான் அந்த டேபிள். ஆபீசு ஆளுகளும் திரும்பிட்டாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல பாருங்க, உக்கார எடம் இருக்காது. ஜெயசீலன்கிட்ட சொன்னேன், சிறப்பிதழ் வேலை செஞ்சுருச்சு மாப்பிள்ளை, கொஞ்சம் லேட்டா செஞ்சுச்சுன்னு. ரொம்பச் சந்தோசப்பட்டான்.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல சார். இந்த வெள்ளைத் தாளை மட்டும் எவனும் கசக்கிப் போடல. மடிச்சு பையில வச்சுக்கிட்டுப் போறான். தீந்துபோச்சுன்னா கேட்டு வாங்குறான். அடுத்த மாசமும் அதையே அடிச்சோம், இப்பவும் அதையேதான் அடிக்கிறோம். புதுச் செய்தி ஒண்ணும் கெடையாது அதுல. கதிரேசன் அந்தத் தாளைக் கொஞ்சம் கெட்டியாப் போட்டுட்டான்போல, வேற என்ன காரணம் இருக்க முடியும்.

நீங்க ரசத்தை ரெண்டு தடவை வாங்குனதை நான் கவனிச்சேன். எப்படி இருந்துச்சு? நல்லாருக்கா. நல்லாருக்குன்னு மட்டும் போட்டா படிக்க மாட்டாங்களே. நானே கொஞ்சம் சரி பண்ணிக்கிடுறேன், உங்க பேரையும் ஊரையும் சொல்லுங்க. கல்யாணம் ஆயிருச்சா? இல்ல, அதை முதல்ல கேட்டுக்கிட்டு எழுதச் சொல்லி செல்லக்கனி உத்தரவு.

கை கழுவ அங்கிட்டுப் போங்க, குழாய்ல தண்ணி மெதுவா வரும். அட, அந்தத் தாள்ல துடைக்காதீங்க சார், அதைக் குடுங்க இங்கிட்டு. அது அவ எழுதுனது. இந்தாங்க, இதுல துடைங்க. மஞ்சத் தாளு. தலையங்கந்தான்.